கடன் நிலமாக மாறியபோது: கீழ்ப் பர்மாவில் செட்டியார் கடைகளும் குத்தகைக்காரர்களும்

கடன் கொடுத்தவர் தம் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் ஈடாக இருந்த நிலத்தையே ஏற்றுக்கொள்ளும்போது, அவருடைய தொழிலே மாறிவிடுகிறது. நேற்றுவரை வட்டிக் கணக்கு எழுதியவர் இன்று விதைநெல்லையும் கிஸ்தி என்னும் நிலவரியையும் வரப்புத் தகராற்றையும் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பணம் புழங்கும் நிறுவனம் ஒன்று தான் விரும்பித் தேடாத சொத்துக்கும், தான் தேர்ந்தெடுக்காத குத்தகைக்காரர்களுக்கும் பொறுப்பாகும் இந்த நிலைமையைப் புரிந்துகொள்ள, இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கீழ்ப் பர்மாவை (இன்றைய மியான்மரின் தென்பகுதி) விடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். அங்கே கடன் கொடுத்தவை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள். நிலத்தை இழந்தவர்கள் பர்மிய உழவர்கள்.

முதலில் ‘கடை’ என்பது என்ன என்று பார்த்துவிடலாம். பெயர் கடையாக இருந்தாலும் அங்கே விற்பனைச் சரக்கு எதுவும் இல்லை. செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி ஒருவருடைய விலாசத்தில், அதாவது அவருடைய குடும்ப முன்னெழுத்துக்களால் அறியப்படும் தொழிற்பெயரில், வெளியூரில் நடந்த வங்கிக் கிளையே கடை. அதை நடத்தியவர் முதலாளி அல்லர். அவர் பவர் பத்திரம் கொடுத்து அனுப்பிய மேலாள், அல்லது ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே தொழில் பழகும் பெட்டியடிப் பையன். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அது முடிந்ததும் புதிய மேலாள் வந்து பேரேடுகளைச் சரிபார்த்துப் பொறுப்பேற்பார். பழையவர் ஐந்தொகை என்னும் முடிவுக் கணக்குடன் ஊர் திரும்புவார். மூன்றாண்டுக்குள் கொடுத்த பணம் திரும்பி வந்து மறுபடியும் கடனாகப் போகும் தொழிலுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. நிலத்துக்கு அது எவ்வளவு பொருந்தாதது என்பது பின்னால் தெரியும்.

கடையின் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் இந்த விளக்கத்துக்கு இன்றியமையாதது. முதலாளியின் சொந்த முதலே பெரும்பகுதி. அதற்கு மேல் உறவினரும் சமூகத்தாரும் குறித்த காலத்துக்கு வட்டிக்குப் போட்ட தவணைப் பணம், பெண்களின் சீர்வழி வந்த ஆச்சிமார் பணம், கோயில் பணம், தேவைப்பட்டபோது ரங்கூனிலிருந்த ஐரோப்பிய வங்கிகளிடமும் இம்பீரியல் வங்கியிடமும் வாங்கிய கடன் ஆகியவை சேர்ந்தன. கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு உரிய ‘நடப்பு வட்டி’யை ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்தார்கள். இவற்றிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: கடை உழவரிடமிருந்து வட்டி வாங்குகிறதோ இல்லையோ, தன்னிடம் பணம் போட்டவர்களுக்கு வட்டி கொடுத்தே ஆக வேண்டும்.

கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852-இல் கைப்பற்றினார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதி முகத்துவாரத்து அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. அங்கே காட்டை வெட்டிச் சதுப்பைத் திருத்திய உழவர், வரி செலுத்திப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து அனுபவித்தால் நிலத்துக்கு உரிமையாளர் ஆகலாம் என்று சட்டம் சொன்னது. உரிமை வந்ததும் நிலம் ஈடு வைக்கத்தக்க சொத்தாயிற்று; ஈடு இருந்ததால் கடன் கிடைத்தது; கடன் கிடைத்ததால் மாடு வாங்கவும் நடவுக் கூலி கொடுக்கவும் முடிந்தது. 1929-30-இல் நடந்த வங்கித் தொழில் விசாரணையின்போது பர்மாவில் செட்டியார் கடைகள் 1,650-ஐ ஒட்டி இருந்தன. அவற்றின் வழியாகப் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வேளாண்மைக்குப் போனது. கீழ்ப் பர்மாவில் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் எந்த உழவரும் ஒரு நாள் பயணத்துக்குள் ஒரு செட்டியார் கடையை அடைந்துவிடலாம் என்று அந்த விசாரணைக் குழு எழுதியது. பெகு, தராவடி, ஹென்சாடா, பியாப்போன் போன்ற பக்கங்களில் கடன் கொடுக்கக்கூடிய வேறு வங்கி எதுவும் உழவரின் எட்டும் தொலைவில் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டு எண்களைப் பார்க்கலாம். நெல் விளையும் முதன்மையான பதின்மூன்று மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர். அது மொத்தச் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் அது 24 இலட்சம் ஏக்கரைத் தாண்டி, நூற்றுக்கு 25 பங்காயிற்று. இரண்டாவது எண்ணை மட்டும் சொல்லிச் செட்டியார்கள் நிலத்துக்காகவே கடன் கொடுத்தார்கள் என்று முடிவு கட்டுபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். முதல் எண்ணையும் சேர்த்துப் படித்தால் அந்த முடிவு நிற்காது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலத்தின் ஈட்டில் கடன் கொடுத்து வந்தவர்களிடம் 1930-இல் ஆறு பங்கு நிலமே இருந்தது என்றால், அவர்கள் அதுவரை பணமாகவே திரும்பப் பெற்று வந்தார்கள் என்றுதான் பொருள். அதற்காக உழவரின் இழப்பு சிறியதாகிவிடாது. ஏழே ஆண்டில் இத்தனை குடும்பங்கள் தாம் திருத்திய நிலத்தின் மீதான உரிமையை இழந்தன என்பது அந்த நாட்டின் வரலாற்றில் மிகத் துயரமான செய்திகளில் ஒன்று.

அந்த ஏழாண்டில் நடந்தது நெல் விலையின் வீழ்ச்சி. 1929-இன் இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை மூன்று ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. அதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஓர் உழவரிடம் இருபது ஏக்கர் இருக்கிறது. அதன் ஈட்டில் அவருக்கு 1,200 ரூபாய் கடன். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். ஆண்டு வட்டி 216 ரூபாய். ஏக்கருக்கு முப்பது கூடை வீதம் 600 கூடை நெல் விளைகிறது. நூறு கூடை 150 ரூபாய்க்கு விற்றால் அவருக்கு 900 ரூபாய் கிடைக்கும். வட்டி போக 684 ரூபாயில் வரி, கூலி, குடும்பச் செலவு எல்லாவற்றையும் சமாளிக்கலாம். அதே நூறு கூடை 60 ரூபாயாக இறங்கினால் மொத்த வரவே 360 ரூபாய்தான். வட்டி போக மீதி 144. அதில் வரியும் நடவுக் கூலியும் கொடுத்தால் சோற்றுக்கு என்ன இருக்கும்? உழவர் முன்னைப்போலவே உழைத்தார், நிலமும் முன்னைப்போலவே விளைந்தது. ஆனால் ரூபாயில் எழுதப்பட்ட கடன் மட்டும் நெல்லோடு சேர்ந்து குறையவில்லை.

வட்டி நின்றதும் மேலாளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தீர்ப்புப் பெற்று நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. மந்தக் காலத்தில் ஏலம் கேட்க வேறு ஆள் வராததால் கடன் கொடுத்த கடையே கேட்டு எடுக்க நேர்ந்தது. வழக்குச் செலவும் கடையின் தலையில் விழுந்தது. மற்றொன்று, கடனுக்கு ஈடாக நிலத்தை உழவரே கிரயம் எழுதிக் கொடுத்துவிடுவது. இதில் நீதிமன்றச் செலவு இல்லை, பகையும் சற்றுக் குறைவு. அதே நிலத்தில் குத்தகைக்காரராகத் தொடர்ந்து இருக்கலாம் என்ற பேச்சும் பல இடங்களில் அதனுடன் சேர்ந்தே நடந்தது. பத்திரம் பதிவான அன்று வயலில் எதுவும் மாறவில்லை. அதே குடும்பம் அதே மாட்டைக் கொண்டு அதே வரப்புக்குள் உழுதது. ஆனால் அன்றிலிருந்து அவர்கள் கடன்காரர் அல்லர், குத்தகைக்காரர். மேலாளும் கடன் கொடுத்தவர் அல்லர், நிலச்சுவான்தார்.

இந்த மாற்றம் பேரேட்டில் எப்படித் தெரிந்தது என்பதைக் கவனித்தால் கடைக்கு வந்த சங்கடம் விளங்கும். மேற்சொன்ன உழவர் இரண்டாண்டு வட்டி கட்டவில்லை என்றால் பாக்கி 1,632 ரூபாய். கடன் தீர்ந்ததாக எழுதும்போது, அந்தத் தொகையே நிலத்தின் விலையாகக் கணக்கில் ஏறும். சந்தையில் அந்த நிலத்துக்கு அந்த விலை கிடைக்காது என்பது மேலாளுக்குத் தெரியும். கிடைக்கும் விலையை எழுதினால் அன்றே நட்டத்தை ஒப்புக்கொண்டதாகும். இனி வரவைப் பாருங்கள். ஏக்கருக்குப் பன்னிரண்டு கூடை குத்தகை என்றால் 240 கூடை. அதை 60 ரூபாய் விலையில் விற்றால் 144 ரூபாய். ஐம்பது ரூபாய் கிஸ்தி போக 94 ரூபாய் மிஞ்சும். அதே 1,632 ரூபாய்க்குக் கடை தன் தவணைக்காரர்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டி கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 147 ரூபாய் வேண்டும். ஆக, சொத்து ஏட்டில் கூடிக்கொண்டே போக, கடை ஆண்டுதோறும் கையிலிருந்து பணம் போட வேண்டியதாயிற்று. நெல் மறுபடியும் 150 ரூபாய்க்குப் போனால் அதே குத்தகை 360 ரூபாயாகி, எல்லாச் செலவும் போகக் கடைக்கு இலாபம் நிற்கும். நிலத்தை வைத்திருப்பது என்பது உண்மையில் நெல் விலை ஏறும் என்று காத்திருப்பதுதான். தாம் செய்வது அதுதான் என்பதைச் செட்டிநாட்டில் இருந்த முதலாளிகள் எல்லோரும் தெளிவாக உணர்ந்திருந்தார்களா என்பது எனக்கு ஐயமே.

இனி மேலாளின் அன்றாட வேலைக்கு வருவோம். மழை தொடங்கும் முன் குத்தகை பேசி முடிக்க வேண்டும். கீழ்ப் பர்மாவில் குத்தகை பெரும்பாலும் ஓராண்டுக்கு, அதுவும் வாய்ப்பேச்சாகவே நடந்தது. குத்தகைக்காரர்கள் ஓரிரு ஆண்டில் நிலம் மாறுவது பொதுவான வழக்கம். கடையின் நிலம் ஒரே இடத்தில் இருக்காது. கடன்காரர்கள் எங்கெங்கே இருந்தார்களோ அங்கெல்லாம் துண்டு துண்டாக, பல ஊர்களில், சில வேளை படகில் மட்டுமே போகக்கூடிய ஓடைகளுக்கு அப்பால் சிதறிக் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளூர் நிலவரம் தெரிந்த பர்மியக் கணக்கர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. யார் நல்ல உழவர், யாரிடம் மாடு இருக்கிறது, எந்த நிலம் வெள்ளத்தில் மூழ்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரை நம்பாமல் நிலத்தை நடத்த முடியாது. முழுவதும் நம்பினால் குத்தகை எவ்வளவு வந்தது, கடைக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சரிபார்க்கவும் வழியில்லை.

குத்தகை நெல்லாகவே வாங்கப்பட்டது. இங்கே குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புதிதாகப் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். வாரம் என்பது விளைந்ததில் ஒரு பங்கு. விளைச்சல் குறைந்தால் நிலத்துக்குரியவருக்கும் குறையும். குத்தகை என்பது ஏக்கருக்கு இத்தனை கூடை என்று முன்னாலேயே நிர்ணயித்தது; விளைந்தாலும் பொய்த்தாலும் அதை அளந்தாக வேண்டும். நெல்லாக அளக்கும் நிலைக்குத்தகையில் வெள்ளத்தின் ஆபத்து உழவர் மீதும், விலை வீழ்ச்சியின் ஆபத்து இருவர் மீதும் விழுகிறது. மந்தக் காலத்தில் குத்தகைக்காரர்கள் குறைப்புக் கேட்டபோது, நெல்லின் விலை விழுந்ததால் தாமும் இழந்துவிட்டதாக மேலாள் சொன்னதும் உண்மை, அவர் கேட்கும் கூடைகளை அளந்தால் தங்களுக்குச் சாப்பிட நெல் மிஞ்சாது என்று அவர்கள் சொன்னதும் உண்மை. ஒரே விலை வீழ்ச்சியை இருவரும் இரண்டு முனைகளிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கூடையும் தகராற்றுக்கு இடமானது. ஒன்பது காலன் கொள்ளும், 46 இராத்தல் (பவுண்டு) நெல் நிற்கும் கூடையே பொது அளவாகக் கருதப்பட்டது. ஆனால் ஊருக்கு ஊர் கூடையின் அளவு மாறியது. ஏக்கருக்குப் பன்னிரண்டு கூடை என்ற பேச்சில் எந்தக் கூடை என்று தீர்மானிக்காவிட்டால், களத்தில் அளக்கும்போது ஒவ்வொரு கூடைக்கும் சில படி ஏறவோ குறையவோ செய்யும். 240 கூடைக்கு அது சிறிய நெல் அல்ல.

இவற்றையெல்லாம் விடக் கடுமையான சிக்கல் சாகுபடிக் கடன். நிலம் தம்முடையதாக இருந்தவரை உழவர் அதைக் காட்டிக் கடன் வாங்கினார். குத்தகைக்காரரான பின் அவரிடம் காட்ட ஈடு இல்லை. இனி விளையப்போகும் நெல் மட்டுமே உண்டு. நடவுக்கு ஆள் வைக்கப் பணம் இல்லாமல் அவரால் பயிரிட முடியாது. அவர் பயிரிடாவிட்டால் கடைக்குக் குத்தகை வராது, கிஸ்தியோ கட்டியாக வேண்டும். எனவே, தான் கொடுத்த கடன் வராததால் நிலத்தை எடுத்துக்கொண்ட அதே கடை, நிலம் தரிசாகாமல் இருக்க அதே ஆளுக்கு, இம்முறை எந்த ஈடும் இல்லாமல், மறுபடியும் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. பல கடைகளிடம் அதற்குப் பணம் இல்லை. ரங்கூன் வங்கிகள் தங்கள் கடனைச் சுருக்கிக்கொண்டிருந்தன, ஊரில் தவணைப் பணத்தைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கொடுக்க முடியாத இடங்களில் குத்தகைக்காரர், அறுவடையில் இன்ன அளவு நெல் தருகிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வேறு வணிகரிடம் பணம் வாங்கினார். பர்மியர் இதைச் சபாபே என்பர். அப்போது களத்து நெல்லுக்கு இரண்டு உரிமையாளர்கள் வந்துவிடுவார்கள்.

அதனால்தான் ஆண்டின் மிக நெருக்கடியான நாட்கள் மார்கழியிலும் தையிலும் வந்தன. நெல் களத்தில் இருக்கும்போதே குத்தகையை அளந்து எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தவறினால் அது இரவோடு இரவாக வேறிடம் போய்விடக்கூடும். சிதறிக் கிடந்த பல களங்களுக்கு ஒரே வாரத்தில் ஆள் அனுப்புவது ஒரு மேலாளும் ஓர் அடுத்தாளும் கொண்ட கடைக்கு இயலாத காரியம். காவலுக்கு ஆள் வைத்தால் அந்தச் செலவும் மேலே கணக்கிட்ட 94 ரூபாயிலிருந்தே போக வேண்டும். அளந்து வாங்கிய நெல்லைக் கொட்டி வைக்க இடமும், ஆலைக்குக் கொண்டுபோகப் படகும் தேவைப்பட்டன. அறுவடை முடிந்ததும் எல்லோரும் விற்பதால் விலை அப்போதுதான் மிகக் குறைவு. காத்திருக்கலாம் என்றால் கிஸ்திக்கும் தவணை வட்டிக்கும் நாள் வந்துவிடும்.

மூன்றாண்டு முறை இங்கேதான் இடித்தது. கடன் கணக்கைப் பேரேட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். புதிய மேலாளுக்கு ஒரு வாரம் போதும். நிலத்தைப் பற்றிய அறிவு ஏட்டில் ஏறுவதில்லை. விலை தேறினால் பழைய கடன் தொகைக்கே நிலத்தைத் திருப்பித் தருவதாகப் பழைய மேலாள் வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், அந்தச் சொல் அவரோடு கப்பலேறிவிடும். உழவர் அந்தச் சொல்லை நம்பியே ஒரு வரப்பைச் சரிசெய்திருப்பார், ஒரு குறைந்த ஆண்டைப் பொறுத்துக்கொண்டிருப்பார். புதியவரிடம் அவர் போய் நின்றபோது இருவருமே ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தமிழரின் வங்கித் தொழில் மரபைப் பெருமையுடன் பேசும் நாம் இந்த இடத்தையும் மறைக்காமல் பேச வேண்டும் என்று நான் கருதுகிறேன். பணத்தை நாடு கடந்து நேர்மையாக நடத்தத் தெரிந்த அந்த அமைப்பில், நிலத்தையும் அதில் வாழ்பவர்களையும் நீண்டகாலம் பொறுப்புடன் நடத்துவதற்கான ஏற்பாடு எதுவும் இல்லை.

நிலத்தை விற்றுவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். வாங்க விரும்பக்கூடிய உழவர்களே நிலத்தை இழந்தவர்கள். அவர்களிடம் பணம் இல்லை. பணமுள்ள நகரவாசிகள் சிலர் கேட்ட விலை பேரேட்டு விலையின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த விலைக்கு விற்க மேலாளின் பவர் பத்திரம் இடம் கொடுத்தாலும், ஐந்தொகையில் அவ்வளவு பெரிய நட்டத்துடன் ஊர் திரும்ப எந்த மேலாளும் துணியமாட்டார். முதலாளிகளும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். பொறுத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் நிலத்தின் பரப்புக் கூடியது.

பரப்புக் கூடக்கூட அது அரசியலாயிற்று. 1930 மே மாதம் ரங்கூனில் இந்தியத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி தொடங்கியது. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அந்த நேரத்தில் முதன்மையான நெல் மாவட்டங்களின் நிலத்தில் ஏறத்தாழப் பாதி, வேளாண்மை செய்யாதவர்கள் கையில் இருந்தது. அதில் பாதி செட்டியார்களுடையது, மறுபாதி பர்மியரும் பிறருமான மற்றவர்களுடையது. ஆனால் அந்த மறுபாதியைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை. சொத்து எவருடையது என்பது ஒரு புறம் இருக்க, அவர் எந்த ஊர்க்காரர் என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

புதிய பர்மிய அரசு நிலத்தையும் வேளாண்மையையும் ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 1939-இல் வந்த குத்தகைச் சட்டம், நியாயமான குத்தகையை நிர்ணயிக்கும்படி குத்தகைக்காரர் வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்க வழி செய்தது. விண்ணப்பங்கள் வந்து குவிந்த வேகத்துக்கு அதிகாரிகளால் ஈடுகொடுக்க முடியாமல் அந்த ஏற்பாடு திணறியது. 1941-இல், உழவரின் நிலம் உழவரல்லாதவருக்குப் போகாமல் தடுக்கும் சட்டமும், அவ்வாறு போய்விட்ட நிலத்தை அரசு விலைக்கு வாங்கிப் பகிர்ந்தளிப்பதற்கான சட்டமும் நிறைவேறின. விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதே கடைகளின் கவலையாக இருந்தது; பேரேட்டில் 1,632 ரூபாய் என்று எழுதிய நிலத்துக்கு அரசின் கணக்கில் என்ன விலை வரும் என்று மேலாள்கள் செட்டிநாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ரங்கூன் மீது சப்பானியக் குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டின் நெல் அப்போது வயலில் விளைந்து, அறுப்புக்கு நின்றுகொண்டிருந்தது.